வீவக இன விகிதச் சோதனைச் சேவை: ‘விற்கலாம்’ என்று சொல்லும், ‘எத்தனை வீட்டுக்கு இடம் இருக்கிறது’ என்று சொல்லாது

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்கவோ விற்கவோ நினைப்பவர் விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன் திறக்க வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணையத்தளத்தில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, நிரந்தரவாசி ஒதுக்கீட்டுச் சோதனைச் சேவைதான் அது. வீவக குடியிருப்பில் எந்த ஓர் இனத்தின் பங்கும் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதே அந்தக் கொள்கை. கட்டணம் கிடையாது. சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) போட்டு உள்ளே நுழைய வேண்டியதும் இல்லை. வாங்குபவரா விற்பவரா, எந்த இனம், குடிமகனா நிரந்தரவாசியா, எந்தத் தெரு, எந்த புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) என்று தேர்ந்தெடுத்தால் பதில் உடனே வந்துவிடும். விவரம் தெரிந்த சொத்து முகவர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் இதைப் பார்த்து முடித்திருப்பார்.

பதில் மிகச் சுருக்கம். வாங்குபவர் என்றால், எந்த இனத்தவரிடமிருந்தும் வாங்கலாம் அல்லது உங்கள் இனத்தவரிடமிருந்து மட்டும்தான் வாங்கலாம் என்று வரும். விற்பவர் என்றால் யாருக்கெல்லாம் விற்கலாம் என்று வரும். வாங்குபவருக்கு இது போதும். இந்த வீடு இல்லையென்றால் பக்கத்துத் தெரு, அதுவும் இல்லையென்றால் அடுத்த நகர் என்று அவர் நகர்ந்துவிடலாம். விற்பவரால் வீட்டைத் தூக்கிக்கொண்டு நகர முடியாது. அவருக்கு இந்த ஒற்றை வரிப் பதில் போதவே போதாது. இந்தச் சேவையைப் பற்றிய நம் மதிப்பீடு முழுக்க அந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

முதலில் கணக்கு. கொள்கைக்கு இரண்டு வரம்புகள்: ஒன்று பேட்டை (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரம்) அளவில், இன்னொன்று புளோக் அளவில். சீனர்களுக்குப் பேட்டையில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்குப் பேட்டையில் 22, புளோக்கில் 25. இந்தியர்களையும் பிற இனத்தவர்களையும் ஒரே பிரிவாகச் சேர்த்துப் பேட்டையில் 12, புளோக்கில் 15. இந்தக் கடைசிப் பிரிவுக்கு 1989-இல் வைத்த வரம்பு 10, 13 என்றுதான் இருந்தது. 2010 மார்ச் 5 முதல் உயர்த்தினார்கள். மற்ற இரண்டும் தொடக்கத்தில் வைத்தபடியே இருக்கின்றன.

நூறு வீடு உள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சீனக் குடும்பம் 87 வரை, மலாய்க் குடும்பம் 25 வரை, இந்திய மற்றும் பிற இனக் குடும்பம் 15 வரை இருக்கலாம். கூட்டினால் 127. நூறுக்கு மேல் இருக்கும் அந்த 27-தான் மக்கள் இடம் மாறுவதற்கு விடப்பட்டிருக்கும் அசைவிடம். ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடு கட்டாயம் இருக்க வேண்டும் என்று கொள்கை சொல்வதில்லை. இதற்கு மேல் போகக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, “எங்கள் புளோக்கில் இந்தியருக்குப் பதினைந்து வீடு ஒதுக்கியிருக்கிறார்கள்” என்று பேசுபவர்கள் நிறைய. அப்படி எதுவும் ஒதுக்கப்படவில்லை.

வரம்பு நிரம்பினால் என்ன ஆகும்? அந்த இனத்தவர் அங்கே வீடு வாங்கவே முடியாது என்று நினைப்பது தவறு. அதே இனத்தவரிடமிருந்து வாங்கலாம். இந்தியர் விற்று இந்தியர் வாங்கினால் விகிதம் மாறுவதில்லை, ஆகவே தடை இல்லை. சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை இந்தியர் வாங்கினால் விகிதம் ஏறும், ஆகவே தடை. ஏற்கெனவே குடியிருப்பவர் யாரையும் கொள்கை வெளியேற்றுவதில்லை. வரம்பைத் தாண்டிய புளோக்குகளில் இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். அவர்களில் சிலர் வேறு இனத்தவருக்கு விற்றுப் போகப் போகத்தான் விகிதம் இறங்கியது.

அடுத்தது, அதிகம் பேரைக் குழப்பும் விஷயம். புளோக், பேட்டை இரண்டிலும் இடம் இருந்தால்தான் அனுமதி. ஒரு புளோக்கில் இந்தியக் குடும்பம் நான்கே நான்குதான் இருக்கலாம். ஆனால் பேட்டை மொத்தத்தில் 12 விழுக்காடு தொட்டிருந்தால், அந்தப் புளோக்கில் சீனர் விற்கும் வீட்டை இந்தியர் வாங்க முடியாது. “புளோக்கைச் சுற்றிப் பார்த்தேன், நம் ஆட்களே இல்லை, பிறகு ஏன் முடியாது என்கிறது?” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். சோதனைச் சேவை முடியாது என்று சொல்லும். புளோக்கால் முடியாதா பேட்டையால் முடியாதா என்று பிரித்துச் சொல்வதில்லை. பேட்டையால் என்று தெரிந்தால் பக்கத்துப் புளோக்குகளைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. புளோக்கால் என்று தெரிந்தால் எதிர்ப் புளோக்கிலேயே வீடு கிடைக்கலாம். பழைய நகர்களில் புளோக் எண்ணின் முதல் இலக்கம் பெரும்பாலும் பேட்டையைக் காட்டும். 701, 745 எல்லாம் ஏழாவது பேட்டை. எனவே சந்தேகம் வந்தால் அதே பேட்டையில் தள்ளித் தள்ளி இருக்கும் நான்கைந்து புளோக்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மறுப்பு வந்தால் தடை பேட்டையில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இனி விற்பவர் பக்கம். நான்கு நிலைமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுமை யார் தோளில் விழுகிறது என்பது தெரியும்.

இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் விற்கிறார். அவர் இழப்பது இந்திய, பிற இன வாங்குபவர்களை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9, பிறர் 3.2. அதாவது சந்தையில் எட்டில் ஒரு பங்குதான் அவருக்கு மூடுகிறது. பெரும்பாலும் அவருக்கு அது தெரியவே தெரியாது.

அதே புளோக்கில் ஓர் இந்தியர் விற்கிறார். அவருக்குத் தடையே இல்லை. யாருக்கும் விற்கலாம். இந்தியக் குடும்பங்கள் விரும்பி வரும் வட்டாரமாக இருந்தால், அவர்களுக்கு விற்கக்கூடியவர் இவரைப் போன்றவர் மட்டும்தான் என்பதால் விலையில் சற்றுக் கை ஓங்கவும் செய்யும்.

சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர் விற்கிறார். அவருக்கும் தடை இல்லை.

அதே புளோக்கில் ஓர் இந்தியரோ மலாய்க்காரரோ விற்கிறார். இங்கேதான் கதவு சாத்துகிறது. சீனருக்கு விற்க முடியாது. நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்கு ஒரேயடியாக அவர் வாங்குபவர் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் நான்கில் ஒரு பங்கிலும் எல்லாரும் அந்த வட்டாரத்துக்கு வர விரும்புபவர்கள் அல்லர். சீனர் அதிகம் வாழும் பேட்டை என்றால் பள்ளிவாசலோ கோயிலோ, ஹலால் கடையோ, தமிழ் கற்பிக்கும் பாலர் பள்ளியோ தள்ளி இருக்கும். மலாய், இந்தியக் குடும்பங்கள் அங்கே போகத் தயங்க இதுவே போதும். அதே மாடியில், அதே பரப்பளவில், அதே ஆண்டு குத்தகையில் இருக்கும் எதிர்வீட்டுச் சீனர் இரண்டு மாதத்தில் விற்றுப் போவார். இவர் விலையைக் குறைக்க வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும்.

ஒரே அளவுகோலை எல்லா இனத்துக்கும் வைத்தாலும், சிறுபான்மை விற்பனையாளர் இழப்பதும் பெரும்பான்மை விற்பனையாளர் இழப்பதும் ஒன்றல்ல. யாரும் வேண்டுமென்றே செய்த ஓரவஞ்சனை இது இல்லை; விகிதங்களின் கணக்கிலேயே பொதிந்திருப்பது. கொள்கை வேண்டும் என்று உறுதியாக நினைப்பவர்கள்கூட, நாமும் அப்படித்தான் நினைக்கிறோம், இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, வீவக புளோக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஏதோ ஓர் இன வரம்பைத் தொட்டிருக்கிறது என்று அரசே சொன்னது. அரிதாக யாருக்கோ நேர்வது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இந்தியர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. சீனரின் மக்கள்தொகைப் பங்குக்கும் பேட்டை வரம்புக்கும் இடையில் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி இடைவெளி. மலாய்க்காரருக்கு எட்டரைப் புள்ளி. இந்தியரையும் பிறரையும் கூட்டினால் 12.2, பேட்டை வரம்பு 12. கணக்கெடுப்பு ஆட்களை எண்ணுகிறது, ஒதுக்கீடு வீடுகளை எண்ணுகிறது. கணக்கெடுப்பில் கொண்டோமினியத்திலும் (தனியார் அடுக்குமாடி) தரைவீட்டிலும் இருப்பவர்களும் அடக்கம். ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் மற்றவர்களுக்குக் கிடைத்த அசைவிடம் இந்தப் பிரிவுக்கு இல்லை என்பது வெளிப்படை. இதில் யுரேஷியரும் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சாவளியினர்) பிலிப்பினோவும் இன்னும் பலரும் ஒரே பையில். ஒரு யுரேஷியக் குடும்பம் வாங்கிய வீடு, அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்குக் கதவை மூடலாம். அடுத்த திருத்தம் வரும்போது முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் 1980-களின் நிலைமையைப் பார்க்க வேண்டும். கம்பங்களையும் (கிராமக் குடியிருப்புகள்) கடைவீடுகளையும் இடித்து மக்களை அடுக்குமாடிக்கு மாற்றியபோது எல்லா இனத்தவரும் கலந்துதான் குடியேறினார்கள். பிறகு மறுவிற்பனைச் சந்தை வளர வளர, அவரவர் தம்மவரை நாடிப் போகத் தொடங்கினார்கள். மலாய்க்காரர்கள் பிடோக்கிலும் தெம்பனிஸிலும், சீனர்கள் ஹவ்காங்கிலும், இந்தியர்கள் ஈசூனிலும் சேர்ந்தார்கள். ஈசூனுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளியும் அந்த வடக்குப் பகுதியில்தான் வேர் விட்டிருந்தார்கள். அவர்கள் கும்பிட்ட கோயிலும் அங்கேதான் இருந்தது. யாரும் யாரையும் வெறுத்துப் பிரிந்த கதை இல்லை இது. ஆனால் 1964-இலும் 1969-இலும் இனக் கலவரத்தைப் பார்த்த ஊர். ஒவ்வொருவரும் நல்ல காரணத்துக்காக எடுத்த சின்ன முடிவுகள் சேர்ந்து, இருபது ஆண்டில் தனித்தனிக் குடியிருப்பாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் திரு சு. தனபாலன். கொள்கை 1989 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது.

வீவக வீட்டில்தான் நாட்டின் பெரும்பான்மைக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே இந்தக் கொள்கை பள்ளிக்கூடம், ஈரச்சந்தை, விளையாட்டுத் திடல், மின்தூக்கி என்று எல்லாவற்றையும் தொடுகிறது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்குப் போவதும், கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மலாய்க் கல்யாணமும் மறுவாரம் சீன இறுதிச்சடங்கும் நடப்பதும் அந்தக் கலப்பினால்தான். ஒரே மாடியில் இருப்பதாலேயே நட்பு வந்துவிடாது என்பதும் உண்மை. கொள்கையால் முடிந்தது பக்கத்தில் இருக்க வைப்பது வரைதான். கொண்டோமினியத்துக்கும் தரைவீட்டுக்கும் இந்த வரம்பு கிடையாது. காசு உள்ளவர் விரும்பியபடி சேர்ந்து வாழலாம். இது கொள்கையில் இருக்கும் பெரிய ஓட்டை.

சரி, சேவையைப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். தவறு நடப்பது பெரும்பாலும் தேதியில்தான்.

விகிதங்கள் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி புதுப்பிக்கப்படும். நடுவில் மாறாது. வாங்கும் உரிமைப் பத்திரம், எல்லாரும் ஓடிபி என்பது, கொடுத்த நாளிலிருந்து 21 நாட்காட்டி நாள் செல்லும். மாதத்தின் 12-ஆம் தேதி வாக்கில் கையெழுத்தான ஓடிபி கட்டாயம் அடுத்த மாத 1-ஆம் தேதியைத் தாண்டும். 12-இல் இடம் இருந்தது, 1-இல் நிரம்பியது என்றால் சிக்கல். ஆகவே மூன்று முறை பார்க்க வேண்டும்: ஓடிபி கொடுப்பதற்கு முன், அதை நிறைவேற்றும் (வாங்குபவர் கையெழுத்திட்டு உறுதிசெய்யும்) நாளில், மறுவிற்பனை விண்ணப்பத்தை அனுப்பும் நாளில். போன மாதச் சோதனைப் பதிலின் திரைப்பிடிப்பை முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை நம்ப வேண்டாம். இடம் விளிம்பில் இருக்கும் என்று சந்தேகமா, மாதத்தின் முதல் சில நாளுக்குள் ஓடிபி கொடுத்து, 21 நாளும் காத்திருக்காமல் சீக்கிரமாக நிறைவேற்றி, இரு தரப்பும் அதே மாதத்துக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். வாங்குபவர் வீவக வீட்டுத் தகுதிக் கடிதத்தை முன்கூட்டியே கையில் வைத்திருந்தால்தான் இந்த வேகம் முடியும். விற்பவரோ விற்கும் எண்ணத்தைப் பதிந்து ஏழு நாள் கழிந்த பிறகுதான் ஓடிபி கொடுக்கலாம். அந்த ஏழு நாளை மாதக் கடைசியிலேயே கடந்துவிட வேண்டும்.

ஓடிபிக்குக் கொடுக்கும் முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகாது; நிறைவேற்றும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000 வெள்ளிக்கு உட்பட்டது. தொகை பெரிதில்லை என்று அலட்சியம் வேண்டாம். பணத்தை விட, பழைய வீட்டை விற்ற பணத்தில் புது வீட்டுக்கு நாள் குறித்திருக்கும் குடும்பத்துக்குச் சங்கிலி முழுதும் அறுந்துவிடும்.

கலப்புக் குடும்பங்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கணவர் தமிழர், மனைவி சீனர் என்றால் வீட்டை எந்த இனத்தில் பதிவது என்று தேர்ந்தெடுக்கலாம். வாங்கும் அவசரத்தில், எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பதிந்துவிடுகிறார்கள். வாங்கும்போது பதிந்த இனம்தான் விற்கும்போதும் கணக்கில் வரும். சீனர் வரம்பு நிரம்பப் போகும் பேட்டையில் இந்தியக் குடும்பமாகப் பதிந்தால், பத்து ஆண்டு கழித்து மேலே சொன்ன நான்காவது நிலைமையில் நிற்பீர்கள். இரண்டு பக்கமும் இடம் இருக்கும்போது தேர்ந்தெடுத்தால், விற்கும் நாளை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். அடையாள அட்டையில் இரட்டை இனம் இருப்பவருக்கு முதலில் எழுதியிருக்கும் இனமே எடுத்துக்கொள்ளப்படும்.

நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு வடிகட்டி. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குப் பேட்டையில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காடு என்ற வரம்பு 2010 மார்ச்சிலிருந்து உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்து நிரந்தரவாசியான குடும்பம் இன வரம்புக்கும் உட்பட வேண்டும், இதற்கும் உட்பட வேண்டும். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்துக்கு இன வரம்பு மட்டுமே. கணவன் மனைவியில் ஒருவர் குடிமகனாக இருந்தால் நிரந்தரவாசி வரம்பு பொருந்தாது. சேவையில் குடியுரிமை நிலையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் தவறான பதிலே வரும். மலேசிய நிரந்தரவாசி பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். நான்காவது நிலைமையில் இருக்கும் இந்திய விற்பனையாளருக்கும் இது முக்கியம். அவருக்கு மிஞ்சியிருக்கும் வாங்குபவர்களில் கணிசமானவர்கள் இந்தியாவிலிருந்து வந்த நிரந்தரவாசிகள். நிரந்தரவாசி வரம்பும் நிரம்பியிருந்தால் அவர்களும் போய்விடுவார்கள்.

முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதற்கு வேறு வரம்பு: மலேசியர் அல்லாத, சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பேட்டையில் 8, புளோக்கில் 11 விழுக்காடு. 2014 முதல் நடப்பில் உள்ளது. அறை வாடகைக்கு இது இல்லை. ஆனால் அறை தேடும் இந்தியருக்குப் பெரிய தடை எந்த ஒதுக்கீட்டிலும் எழுதப்படாதது. “இந்தியருக்கு இல்லை” என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வது. இனத்தைக் காட்டி ஒதுக்கும் விளம்பரங்களை முகவர்கள் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை எந்தச் சேவையும் சோதிப்பதில்லை.

விண்ணப்பங்கள் வந்த பிறகு வீவக புதிதாகக் கட்டும் பிடிஓ வீடுகளிலும் இதே வரம்புதான், ஆனால் அங்கே வீவக நடந்துகொள்ளும் விதம் வேறு. வீடு தேர்ந்தெடுக்கும் நாட்களில், எந்த இனத்துக்கு எந்தப் புளோக்கில் எத்தனை வீடு மிச்சம் என்று எண்ணாகவே காட்டுகிறார்கள். வரிசை எண் வருவதற்குள் தீர்ந்துவிடுமா என்று குடும்பங்கள் நாள்தோறும் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. மறுவிற்பனையில் அந்த எண்ணை ஏன் மறைக்க வேண்டும்?

இங்கேதான் சேவையின் பெரிய குறை. புளோக்கில் சீனர் 86 விழுக்காடா 70 விழுக்காடா என்பது விற்பவருக்கு வாழ்க்கை முடிவு. 70 என்றால் பொறுமையாகப் பார்க்கலாம். 86 என்றால் இந்த மாதமே விற்றுவிட வேண்டும், அடுத்த மாதம் கதவு மூடிவிடலாம். இரண்டுக்கும் சேவை சொல்லும் பதில் ஒன்றே: எல்லா இனத்தவருக்கும் விற்கலாம். வீடு வாங்கும் இளம் குடும்பத்துக்கும் இதே இருட்டு. தாம் வாங்கும் புளோக் விளிம்பில் நிற்கிறது என்று தெரிந்தால் விலையில் அதைக் கணக்கில் எடுப்பார்கள். எண் வெளியானால் முகவர்கள் அதை வைத்துப் பயமுறுத்துவார்கள், இனக் கணக்குப் பேச்சு பெருகும் என்ற வாதம் உண்டு. வீவக வீட்டு உரிமையாளருக்கு மட்டும், சிங்பாஸ் வழியாக, அவர் புளோக்கின் நிலையைக் காட்டலாமே. இடம் கடைசி ஐந்து வீட்டுக்குள் வந்துவிட்டது என்று ஒரு குறுஞ்செய்தி போதும். கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் நிரம்பி, எத்தனை மாதம் திறந்திருந்தது என்று காட்டினால், காத்திருப்பவர் காத்திருக்கலாமா என்று முடிவெடுக்க முடியும். இப்போது ஒவ்வொரு 1-ஆம் தேதியும் காலையில் எழுந்து தானே பார்த்துக் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

வேறொரு முரணும் இதில் மாட்டிக்கொள்கிறது. பெற்றோருக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி, அவர்களோடு சேர்ந்தே வாழ்ந்தால் 30,000 வெள்ளி என்று அருகில் வாழ்வதற்கான மானியம் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். பெற்றோர் இருக்கும் பேட்டையில் இந்தியர் வரம்பு நிரம்பியிருந்தால், ஒரு கை கூப்பிடுகிறது, மறு கை தடுக்கிறது. முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வரும் பிள்ளைக்கு ஓரிரு வீட்டளவு விலக்குக் கொடுத்தால் கலப்பு கெட்டுவிடாது என்பது நம் கருத்து.

விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம்? வீவகவிடம் மேல்முறையீடு செய்யலாம். சூழ்நிலையைப் பார்த்து ஒவ்வொன்றாக முடிவெடுப்பார்கள். வேறு வீவக வீடு வாங்கிவிட்டுப் பழையதை விற்க முடியாமல் இருப்பவருக்குக் கூடுதல் காலம் தரப்படுகிறது. 2022 மார்ச்சில், நீண்ட காலமாக உண்மையாக முயன்றும் விற்க முடியாதவரின் வீட்டை, விதிவிலக்கான நிலையில், வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து வந்தாலும் வரவேற்கத்தக்க மாற்றம். சுமை சிறுபான்மையினர் மேல் விழுகிறது என்று ஒப்புக்கொண்ட மாற்றம். ஆனால் சோதனைச் சேவையில் மறுப்பு வரும்போது அதன் கீழேயே இந்த வழிகள் எல்லாம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மேல்முறையீட்டுக்கோ திரும்ப வாங்கும் ஏற்பாட்டுக்கோ போகும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும். விற்க வைத்த நாள் முதலே ஒரு கோப்பு திறந்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி சோதனைப் பதிலைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். விளம்பரம் போட்ட இடம், கேட்ட விலை, விலையைக் குறைத்த நாள், வீடு பார்க்க வந்தவர்களின் எண்ணிக்கை, இன வரம்பினால் திரும்பிப் போன வாங்குபவர் கேட்ட விலை, அதே புளோக்கில் அந்த மாதங்களில் பதிவான மற்ற விற்பனை விலைகள் எல்லாம் அதில் இருக்கட்டும். விற்பனை விலைகளை வீவகவின் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். முகவர் மாறினால் பழையவரிடமிருந்து வாட்ஸ்அப் உரையாடலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எண்ணை மாற்றிவிட்டால் பிறகு கிடைக்காது.